மூன்று நாள் வலிக்கு இருபத்தைந்து நாள் வைத்தியம்!

வலி நீங்கும் வழி - 17

போன ஜூன் மாதம். தோள்பட்டை வலிக்காக என்னிடம் பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, அன்று மகளையும் கூட்டி வந்திருந்தார். ப்ளஸ் டூ படிக்கும் பெண். அம்மாவுக்குப் பயிற்சி முடிகிற வரை அவள் வெளியே நாற்காலியில் குனிந்து, ஸ்கூல் பேகை வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

அவள் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லை மேடம், மாசாமாசம் வர்றதுதான். ரெண்டு நாள்ல சரியாயிடும். எனக்கும் இந்த வயசுல இப்படித்தான் இருந்துச்சு. கல்யாணம் ஆனா போயிடும்."

"மாசத்துல ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போறதில்ல மேடம். போன வருஷம் காலாண்டுப் பரீட்சைல கெமிஸ்ட்ரி பேப்பரைப் பாதியில கொடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள் அந்தப் பெண், தலையைத் தூக்காமலேயே.

அம்மா சொன்ன அந்த 'ஒண்ணுமில்லை'க்குள் இவ்வளவு இருக்கிறது.

"உடற்பயிற்சி ஏதாவது செஞ்சு பார்த்தியா?" என்றேன்.

"யூடியூப் பாத்து யோகா பண்ணிப் பாத்தேன் மேடம். ஒண்ணும் வேலைக்காகல."

"எப்போ பண்ணினே?"

"வலி வந்த அன்னைக்குத்தான்."

இந்தப் பதிலை நான் பல பெண்களிடம் கேட்டிருக்கிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் புத்தகத்தைத் திறப்பது போலத்தான் இது. மாதவிடாய் வலிக்கு உடற்பயிற்சி பலன் தரும். ஆனால், அந்தப் பலன் வலிக்கிற மூன்று நாளில் செய்வதைவிட, வலிக்காத இருபத்தைந்து நாளில் செய்வதில்தான் இருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு மாதமும் கரு வந்து தங்குவதற்காக கர்ப்பப்பையின் உட்சுவர் தடிமனாகித் தயாராகிறது. கரு தங்கவில்லை என்றால் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் இறங்கிவிடும். உடனே அந்த உட்சுவர் உரியத் தொடங்கும். அப்போது அதிலிருந்து புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வெளியாகிறது.

கர்ப்பப்பை என்பது தசையால் ஆன பை. அந்தத் தசையைச் சுருங்க வைப்பதுதான் புராஸ்டகிளாண்டினின் வேலை. சுருங்கினால்தான் உதிரம் வெளியேறும். எல்லாப் பெண்களுக்கும் இது நடக்கிறது. சிலருக்கு மட்டும் இந்த வேதிப்பொருள் அதிகமாகச் சுரக்கிறது. அவர்களுக்குக் கர்ப்பப்பை ஈரத்துணியைப் பிழிவது போல இறுக்கமாகச் சுருங்கும். அங்கே போகும் ரத்தக்குழாய்களும் குறுகிவிடும்.

பி.பி பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டையில் காற்று ஏறினால் கை இறுகி வலிக்கிறது அல்லவா? அதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? நம் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சாதாரணமாக 120. கடுமையான மாதவிடாய் வலி உள்ள பெண்களுக்கு, கர்ப்பப்பை சுருங்கும்போது அதன் உள்ளே ஏற்படும் அழுத்தம் இந்த 120-ஐத் தாண்டுவதும் உண்டு. அந்த நேரத்தில் தசைக்குப் போதிய ரத்தமும் பிராணவாயுவும் கிடைப்பதில்லை. அதனால்தான் அந்த வலி.

இதே புராஸ்டகிளாண்டின் ரத்தத்தில் கலந்து குடலையும் தூண்டும். அந்த நாட்களில் சிலருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல், வாந்தி, தலைவலி எல்லாம் சேர்ந்து வருவது இதனால்தான். 'வயித்துவலின்னு சொல்றா, வாந்தியும் எடுக்கிறா, நடிக்கிறாளோ' என்று நினைக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

இன்னொரு சந்தேகமும் அம்மாக்களுக்கு வரும். "வயசுக்கு வந்த புதுசுல வலியே இல்லையே, இப்போ ஏன் புதுசா வருது?" ஆரம்பத்தில் பல மாதங்கள் கருமுட்டை வெளியாகாமலேயே உதிரப்போக்கு நடக்கும். அதில் பெரும்பாலும் வலி இருக்காது. ஆறு மாதமோ, ஒரு வருடமோ, இரண்டு வருடமோ கழித்து முட்டை வெளியாகத் தொடங்கிய பிறகுதான் இந்த வலி தலைகாட்டும். உதிரம் தொடங்கும்போதோ, அதற்குச் சில மணி நேரம் முன்போ ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். கர்ப்பப்பையில் வேறு நோய் எதுவும் இல்லாமல் வரும் வலி இது.

மைதானத்தை விட்டு வந்த வயது

அந்தப் பெண்ணிடம் அடுத்து ஒரு கேள்வி கேட்டேன். "கடைசியா எப்போ விளையாடினே?"

கொஞ்சம் யோசித்தாள். "எய்த்ல மேடம். கோ-கோ டீம்ல இருந்தேன்."

எட்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் வயதுக்கு வந்திருக்கிறாள். சடங்கு நடந்தது. அதற்குப் பிறகு பாட்டி, 'பொண்ணு இனி ஓடக் குதிக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டார். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. விளையாட்டு தானாக நின்றுபோனது. பத்தாம் வகுப்பில் பி.இ.டி பீரியடை மேத்ஸ் சார் வாங்கிக்கொண்டார். ப்ளஸ் ஒன்னில் ஸ்கூல், டியூஷன், வீடு. வலி ஒன்பதாம் வகுப்பு முடிகிற சமயத்தில் தொடங்கியது.

விளையாட்டை நிறுத்தியதால்தான் வலி வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வலிக்கான காரணம் மேலே சொன்ன வேதிப்பொருள்தான். ஆனால், அந்த வலியைக் குறைக்கக்கூடிய ஒரு பழக்கத்தை, அது தேவைப்படும் வயதில் நாமே அவளிடமிருந்து வாங்கி வைத்துவிடுகிறோம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016 வரையிலான தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோது, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் ஆண் பிள்ளைகளில் 100-க்கு 78 பேர், பெண் பிள்ளைகளில் 85 பேர் என்று தெரிந்தது. இந்த வயதுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை.

'அந்த நேரத்துல ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்' என்ற பயமும் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி எதுவும் ஆகாது. கர்ப்பப்பை இறங்குவதற்குப் பிரசவத்தில் இடுப்புத் தசைகள் தளர்வது, வயதாவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் போன்றவையே காரணங்கள். மாதவிடாய் நாளில் நடந்ததாலோ, ஓடியதாலோ ஓர் இளம்பெண்ணின் கர்ப்பப்பை இடம் மாறாது.

நூறு மார்க்குக்கு எத்தனை?

'உடற்பயிற்சி நல்லது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், எவ்வளவு நல்லது என்று தெரிந்தால்தான் நம்பிக்கை வரும். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு, 2019-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 12 ஆய்வுகள், மொத்தம் 854 பெண்கள். பெரும்பாலும் 25 வயதுக்கு உட்பட்டவர்கள்.

வலிக்கு 100 மார்க் என்று வைத்துக்கொள்வோம். தாங்கவே முடியாத வலி 100, வலியே இல்லை என்றால் 0. எந்தச் சிகிச்சையும் எடுக்காத பெண்களைவிட, தொடர்ந்து உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு வலி சுமார் 25 மார்க் குறைந்திருந்தது. 70-ல் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் 45-க்கு வருகிறாள் என்றால், படுத்துக் கிடந்தவள் எழுந்து ஸ்கூலுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

இந்தப் பலன் கிடைக்க அவர்கள் செய்தது என்ன? வாரத்துக்கு மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடம். வேகமான பயிற்சி, மெதுவான யோகா, ஸ்ட்ரெச்சிங் எல்லாமே இந்த ஆய்வுகளில் இருந்தன. ஆய்வுகள் சிறியவை, இன்னும் தரமான ஆய்வுகள் தேவை என்பதையும் அந்த அறிக்கையே சொல்லியிருக்கிறது. ஆனாலும் செலவில்லாத, பக்கவிளைவு மிகக் குறைவான வழி என்பதால் தாராளமாக முயற்சி செய்து பார்க்கலாம்.

பயிற்சி எப்படி உதவுகிறது? உடல் அசையும்போது இடுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. மூளையில் எண்டார்ஃபின் என்ற இயற்கை வலி நிவாரணி சுரக்கிறது. மன அழுத்தம் குறைகிறது. நல்ல தூக்கம் வருகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இறுகிப்போன கீழ்முதுகும் தொடையும் தளர்கின்றன.

விளையாட்டு வீராங்கனைகளுக்கு மாதவிடாய் வலியே இருக்காதா என்று கேட்காதீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், தொடர் நீச்சல் போட்டி முடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முந்தின இரவுதான் பீரியட்ஸ் தொடங்கியது என்று டி.வி கேமரா முன்பாகவே சொன்னார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பிடித்த நம் மீராபாய் சானுவும், அன்று தனக்கு மூன்றாம் நாள் என்று பேட்டியில் சொன்னார். ஆக, பயிற்சி வலியை அடியோடு ஒழித்துவிடும் என்று நான் வாக்கு கொடுக்க மாட்டேன். குறைக்கும். அந்தக் குறைவே பெரிய விஷயம்.

அந்த இருபத்தைந்து நாள்

பெரிய ஜிம் எதுவும் தேவையில்லை. இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்க வேண்டும், அவ்வளவுதான். வேகநடை, சைக்கிள், ஸ்கிப்பிங், ஷட்டில், பாட்டுப் போட்டு டான்ஸ் என்று எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். பிடித்ததைச் செய்தால்தான் இரண்டாவது வாரமும் செய்வோம்.

எவ்வளவு வேகம்? பயிற்சியின்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

முதல் வாரத்திலேயே 45 நிமிடம் வேண்டாம். 15 நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஏழாவது வாரம் 45-க்கு வந்துவிடலாம். வெளியே நடக்கத் தோதில்லை என்றால் மொட்டை மாடி போதும். ஸ்கூலிலிருந்து வரும்போது ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடந்து வந்தாலும் கணக்குதான்.

பயிற்சி தொடங்கியதும் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, படி ஏறவே முடியவில்லை என்றால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியும் பிள்ளைகள், தயவுசெய்து அதை விழுங்குங்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை, முட்டை, ஈரல் எல்லாம் தட்டில் இருக்கட்டும்.

ஒல்லியாக வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் மாதவிடாயே நின்றுபோகும். அது வேறு பிரச்னையில் கொண்டுபோய் விடும்.

தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்து...

நடையோடு இந்த நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமே 10 நிமிடம்தான். வெறும் வயிற்றிலோ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ செய்யலாம்.

1. பூனை ஆசனம்: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றுங்கள். மூச்சை இழுத்தபடி முதுகை உள்வாங்கித் தலையை நிமிர்த்துங்கள். மூச்சை விட்டபடி முதுகை மேல்நோக்கி வளைத்துத் தலையைத் தாழ்த்துங்கள். மெதுவாக 10 முறை.

2. புஜங்காசனம்: குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் வையுங்கள். தலை, மார்பு இரண்டையும் மெதுவாக உயர்த்துங்கள். தொப்புள் தரையில் இருக்கட்டும். இரண்டு மூன்று மூச்சு நேரம் நின்று இறங்குங்கள். ஐந்து முறை.

3. பட்டாம்பூச்சி: நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்துக் கைகளால் பிடியுங்கள். முழங்கால்களை இறக்கை மாதிரி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். ஒரு நிமிடம்.

4. இடுப்புச் சாய்வு: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். அடிவயிற்றை உள்ளிழுத்து, கீழ்முதுகைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை வைத்து விடுங்கள். 10 முறை.

2011-ல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில், 18 முதல் 22 வயது வரையுள்ள மாணவிகளுக்குப் பூனை, புஜங்காசனம், மீன் ஆகிய மூன்று ஆசனங்களை மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் செய்யச் சொன்னார்கள். வலியின் கடுமையும் குறைந்தது, வலித்த நேரமும் குறைந்தது. மீன் ஆசனத்தில் கழுத்து பின்னால் வளையும். அதை மட்டும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த பிறகு செய்யுங்கள்.

முதுகுத்தண்டில் பிரச்னை உள்ளவர்கள், அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் இவற்றைச் செய்யும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிக்கிற அன்று...

அன்று சாதனை எதுவும் வேண்டாம். முடிந்தால் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் மெதுவாக நடங்கள். அப்புறம் இரண்டே இரண்டு நிலை.

ஒன்று, மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து, அப்படியே முன்னால் குனிந்து நெற்றியைத் தலையணைமேல் வைத்துக் கைகளை நீட்டிக்கொள்ளும் பாலாசனம். இன்னொன்று, மல்லாந்து படுத்து இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு கட்டிக்கொள்வது. இரண்டிலும் வயிறு ஏறி இறங்கும்படி ஆழமாக மூச்சு விடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்.

அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வையுங்கள். நம் பாட்டிகள் செய்த ஒத்தடம்தான். சாதாரண விஷயம் என்று நினைக்காதீர்கள். வயிற்றில் கட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டையை ஐபுபுரூஃபன் மாத்திரையோடு ஒப்பிட்டு 2001-ல் வெளியான ஆய்வில், இரண்டும் கிட்டத்தட்ட சமமான நிவாரணம் கொடுத்தன. பையைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். தோல் சிவந்தால் எடுத்துவிடுங்கள்.

வலி அதிகமாக இருந்தால் அன்று பயிற்சியை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். தப்பே இல்லை. அடுத்த நாள் எழுந்து நடந்தால் போதும்.

மாத்திரை போடலாமா?

போடலாம். உடற்பயிற்சி செய்தால் மாத்திரையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வலி நிவாரண மாத்திரைகள் புராஸ்டகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971-ல் கண்டுபிடித்துச் சொன்ன பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதனால்தான் வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, ஆரம்பத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கிறது.

'மாத்திரை போட்டா பிற்காலத்துல குழந்தை பிறக்காது' என்பது தேவையில்லாத பயம். மருத்துவர் சொன்ன அளவில், அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் எடுப்பதால் குழந்தைப்பேறு பாதிக்காது. ஆனால், மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் சரியில்லை. இந்த வலிக்கு இங்கே அதிகம் பயன்படும் மெஃபனமிக் ஆசிட் மருந்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 நவம்பரில் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் எச்சரித்தது. தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வெறும் வயிற்றில் போடாதீர்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம்.

'பெண்ணா பிறந்தா இப்படித்தான்' என்று விடக் கூடாத வலி

இது இந்தக் கட்டுரையில் ரொம்ப முக்கியமான பகுதி. அம்மாக்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாலும் சரி. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் பயிற்சி.

* உதிரம் நின்ற பிறகும் வலி தொடர்வது, அல்லது நடுமாதத்திலும் அடிக்கடி வருவது.

* மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போவது.

* ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகள் போவது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்காமல் இருப்பது.

* அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலி.

* காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்.

* இருபதுகளின் பாதி வரை வலியே இல்லாமல் இருந்து, திடீரென்று தொடங்குவது.

* திருமணமானவர்களுக்கு, நாள் தள்ளிப்போன பிறகு ஒருபக்க அடிவயிற்று வலி. இதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

* வயதுக்கே வராத 14, 15 வயதுப் பெண்ணுக்கு மாதம் ஒருமுறை தவறாமல் வயிற்றுவலி. உள்ளே உதிரம் தேங்கி வெளிவர வழியில்லாமல் இருக்கலாம். சிறிய அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம்.

* மாத்திரையும் பயிற்சியும் மூன்று மாதம் தொடர்ந்தும் பலன் இல்லாமல், ஸ்கூலும் வேலையும் கெடுவது.

கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடுமையான மாதவிடாய் வலிதான் அதன் முதல் அடையாளம். 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று அம்மாக்கள் சொல்லும்போது, அந்த அம்மாவுக்கும் இது கண்டுபிடிக்கப்படாமலேயே போயிருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து

அந்தப் பெண்ணையும் முதலில் மகப்பேறு மருத்துவரிடம்தான் அனுப்பினேன். ஸ்கேனில் பிரச்னை எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் 10-க்குக் கீழே இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு என்னிடம் வந்தாள். அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த பயிற்சியின் முதல் வரி, 'ஸ்கிப்பிங் கயிறு ஒன்று வாங்கவும்.'

"டியூஷனுக்கு நேரமாச்சே மேடம், இது வேறயா?" என்று அம்மா தயங்கினார். "மாசம் ரெண்டு நாள் லீவு போடறாளே, அதுக்கு எவ்வளவு நேரம் போகுதுன்னு கணக்குப் பாருங்க" என்றேன். அப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை.

காலண்டரில் தினமும் இரண்டு விஷயம் குறிக்கச் சொல்லியிருந்தேன். பயிற்சி செய்தால் ஒரு டிக். வலிக்கும் நாளில் நூற்றுக்கு எத்தனை மார்க் என்று ஓர் எண். அக்டோபரில் அந்தக் காலண்டரை எடுத்து வந்து காட்டினாள். ஜூனில் 80. ஜூலையில் 80. "அப்பவே விட்டுடலாம்னு நினைச்சேன் மேடம்" என்றாள். ஆகஸ்டில் 65. டிக் குறைவாக இருந்த செப்டம்பரில் மறுபடி 70. அக்டோபரில் 45. அந்த மாதம் ஒரே ஒரு மாத்திரை, அதுவும் முதல் நாள் மட்டும். ஸ்கூலுக்கு லீவு போடவில்லை.

ஜூலையில் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். ஒரு மாதத்தில் பலன் தெரியாது. மூன்று மாதமாவது கொடுக்க வேண்டும்.

கிளம்பும்போது அம்மா கொஞ்சம் பின்தங்கி நின்றார். தினமும் சாயங்காலம் மகளோடு அவரும் மொட்டை மாடியில் நடக்கிறாராம். தோள்பட்டை வலியும் பரவாயில்லையாம். "எங்கம்மாவும் என்கிட்ட 'ஒண்ணுமில்லை'ன்னுதான் மேடம் சொன்னாங்க. நான் அதையே இவகிட்ட சொல்லிட்டு இருந்தேன்" என்றார்.

உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண் இருக்கிறாளா? இன்று சாயங்காலம் அவளிடம், 'கடைசியா எப்போ விளையாடினே?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவள் ரொம்ப யோசித்தால், நாளைக்கே ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: செல்போனைக் குனிந்தே பார்ப்பவர்களின் கழுத்துவலி)